காயம்பட்டவரோடு ஒருவர்

மே/பா 56 ஏ.பி.ஓ.
12-8-1971

அன்புள்ள அக்காவுக்கு,

ராசாங்கம் எழுதுகிறேன். உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. சப்பாத்திதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? ரயில்வேயில் மாமாவுக்கு வேறு ஸ்டேஷன் போட்டுவிடுவார்கள் என்று சொன்னாயே, என்ன ஆயிற்று? விக்கிரமங்கலம் போனால் அம்மாவையும் கலியம்மாவையும் நேரில் பார்த்து எழுது. கலியம்மா எழுதுகிற கடிதத்தில் எல்லாம் 'எனக்கு ஒன்றுமில்லை' என்பது மட்டும்தான் இருக்கிறது. கல்யாணமாகி ஒன்றரை மாசத்தில் விட்டுவிட்டு வந்தவன் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

பயிற்சி முடிந்து நர்சிங் அசிஸ்டெண்டாக ஒரு மதராஸ் பட்டாலியனோடு சேர்த்திருக்கிறார்கள். திரும்பிய பக்கம் எல்லாம் தமிழ்தான். ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். என் இடது கையில் ஒரு பட்டை தெரியும். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை, அதன்மேல் சர்க்கார் முத்திரை. கூடவே என் படமும் கைரேகையும் வைத்த ஓர் அட்டையும் கொடுத்திருக்கிறார்கள். அதை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பட்டை கட்டியவனை எந்த நாட்டுச் சிப்பாயும் சுடக்கூடாதாம். அவனும் அடிபட்டவன் எந்த நாட்டுக்காரன் என்று பார்க்காமல் மருந்து போட வேண்டுமாம். வகுப்பில் இதைச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினோம். நீ வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள், தலையாட்டாமல் கேள்வி கேட்டிருப்பாய். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் தம்பி,
ராசாங்கம்


அரியலூர்
2-9-1971

தம்பி ராசாங்கத்துக்கு,

உன் கடிதமும் படமும் வந்தன. நான், மாமா இருவரும் சுகம். மாமாவுக்கு மாற்றல் இல்லை.

படத்தை விக்கிரமங்கலம் கொண்டுபோனது என் தப்பு. கருப்பு வெள்ளைப் படத்தில் சிலுவை கன்னங்கரேலென்று தெரிகிறது. அம்மா பார்த்ததும், "எம் மவன் வேதத்துக்குப் போயிட்டானா? ஏலாக்குறிச்சி மாதா கோயில்ல சேரணும்னா இங்கியே சேந்திருக்கலாமே, அதுக்கு காஷ்மீரு வரைக்கும் போவணுமா?" என்று ஒரே சத்தம். கலியம்மாதான், "ஆஸ்பத்திரி வண்டியில போட்டிருக்குமே அத்தை, அந்தக் குறி" என்று சொல்லி அமர்த்தினாள். இருந்தாலும் அம்மா மறுநாளே கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

எங்கள் வக்கீல் அரங்கநாதன் சாரிடம் கேட்டேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து 1960ஆம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துக் கொடுத்தார். சண்டையில் அடிபட்டவர்களையும் கைதிகளையும் எப்படி நடத்த வேண்டும் என்று நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தமாம். இத்தனை வருஷத்தில் யாரும் பிரித்த அடையாளம் இல்லை. அதில் பார்த்தால், சர்க்கார் அனுமதி இல்லாமல் யாரும் அந்தச் சின்னத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாதாம், அபராதம் உண்டாம்! நம்ம ஊர் கம்பவுண்டர் அமாவாசை போர்டில் ஒன்று, மருந்துப் பெட்டியில் ஒன்று, சைக்கிள் மட்கார்டில் ஒன்று என்று மூன்று போட்டிருக்கிறார். சொன்னேன். "வைத்தியம் பாக்கிறவன் போடாம பின்ன பலசரக்குக் கடைக்காரனா போடுவான்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இப்போது நீ பதில் சொல்லு. ஏன் சிலுவை? முஸ்லிம் நாட்டுக்காரர்கள் என்ன போடுகிறார்கள்? அரை மைல் தூரத்திலிருந்து சுடுகிறவனுக்கு ஒரு முழத் துணி கண்ணில் படுமா? பட்டும் அவன் சுட்டுவிட்டால்?

இன்னொன்று. கலியம்மாவுக்கு மூன்று மாசம். அவளே எழுதுவாள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் அக்கா,
இருசம்மாள்


மே/பா 56 ஏ.பி.ஓ.
20-10-1971

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கலியம்மாவும் எழுதிவிட்டாள். கடைசி வரியில், 'இதைத் தவிர வேறு விசேஷம் இல்லை' என்று. அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் கேள்விகளை எங்கள் டாக்டர் கேப்டனிடமே கேட்டேன். அது சாமி சிலுவை இல்லை. இந்த ஒப்பந்தம் சுவிட்சர்லாந்தில் பிறந்ததாம். அவர்கள் கொடி சிவப்பில் வெள்ளைக் குறி. மரியாதைக்காக அதைத் திருப்பிப் போட்டு வெள்ளையில் சிவப்பாக்கினார்களாம். அம்மாவிடம் சொல். எதிர்ப்பக்கத்தில் சிவப்புப் பிறை போடுவார்கள். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான்.

அரை மைலில் பட்டை தெரியாது. அதற்குத்தான் கூடாரத்தின் மேலும் வண்டியின் மேலும் பெரிதாக வரைகிறோம். தெரிந்தும் சுட்டால் என்ன செய்வது என்று கேட்டதற்கு கேப்டன், "அவர்கள் ஆள் நம்மிடம் வந்து விழும்போது நாம் ஒழுங்காகக் கட்டுப் போட்டால், அங்கேயும் போடுவார்கள். அந்தத் துணிக்கு அதைவிட வேறு பலம் இல்லை" என்றார்.

இடம் மாறுகிறோம். கடிதம் தாமதமானால் கவலைப்படாதே. அம்மாவிடம் 'மழையால் தபால் வரவில்லை' என்று சொல்லு.

ராசாங்கம்


அரியலூர்
28-12-1971

தம்பிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா தெரியாது. பழைய விலாசத்துக்கே போடுகிறேன்.

சண்டை நின்று பதினோரு நாள் ஆகிறது. பதினைந்தாம் தேதி விக்கிரமங்கலத்துக்குத் தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் தபால்காரரே படித்து, தமிழில் சொல்ல மனசு வராமல் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். 'காணவில்லை' என்று இருந்தது. இறந்துவிட்டதாகச் சொல்லவில்லை. நான் மூன்று தரம் படித்துப் பார்த்தேன், சொல்லவில்லை.

அம்மா படுத்த படுக்கை. கலியம்மா அழவில்லை. சாணி தெளிக்கிறாள், நெல் அவிக்கிறாள், ஆறு மாச வயிற்றோடு தண்ணீர் தூக்குகிறாள். "கொஞ்சம் உக்காரு" என்றால், "உக்காந்தா நெனப்பு வருது அண்ணி" என்கிறாள்.

எங்கே இருந்தாலும் ஒரு வரி போடு.

அக்கா


(செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வந்த அட்டை)
9-1-1972

உயிரோடு இருக்கிறேன். காயம் எதுவும் இல்லை. போர்க்கைதிகள் முகாமில் இருக்கிறேன். சாப்பாடு கிடைக்கிறது. அம்மா, கலியம்மாள், அக்கா, மாமா அனைவர் நலனையும் எழுதவும். கலியம்மாள் பளு தூக்க வேண்டாம்.
— ராசாங்கம்


அரியலூர்
2-2-1972

என் உயிர்த் தம்பிக்கு,

அட்டை வந்த அன்று ஊரே நம்ம வீட்டு வாசலில். அம்மா எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டார். கலியம்மா அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. எல்லாரும் தேறிவிட்டோம். உனக்கு அங்கே குளிருக்குக் கம்பளி உண்டா? பல் வலி மறுபடி வந்ததா?

இனி என் வேலைக்கு வருகிறேன். சாயங்காலம் ஆபீசில் எல்லாரும் போன பிறகு அந்தச் சட்டத்தின் பின்பகுதியைப் படிக்கிறேன். ஒப்பந்தம் முழுக்க அங்கே அச்சிட்டிருக்கிறது. இருபத்தெட்டாவது ஷரத்து என்ன சொல்கிறது தெரியுமா? மருத்துவ வேலைக்கென்றே இருக்கிறவன் பிடிபட்டால் அவன் போர்க்கைதியே இல்லை. கைதிகளுக்கு வைத்தியம் பார்க்கத் தேவையானால் மட்டும் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். அப்படியானால் நீ எப்போது வருகிறாய்?

பன்னிரண்டாவது ஷரத்தையும் படித்தேன். காயம்பட்டவர்களை விட்டுவிட்டு ஒரு படை பின்வாங்க வேண்டி வந்தால், கவனிக்க மருத்துவ ஆட்களில் சிலரை அவர்களோடு விட்டுப் போக வேண்டுமாம். உனக்குக் காயம் இல்லை. ஓடத் தெரியாதவனும் இல்லை. அப்படி இருந்தும் பிடிபட்டிருக்கிறாய். தம்பி, உன்னை விட்டுவிட்டுப் போனார்களா, நீயாக நின்றாயா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கிற அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். தமிழ் படிக்கத் தெரிந்தவர் அங்கே இருக்கிறார் என்பதே மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. அவர் வீட்டிலும் எல்லாரும் சுகமாக இருக்கட்டும்.

அக்கா இருசம்மாள்


முகாம்
15-4-1972

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்பு நன்றாக இருக்கிறது. கம்பளி உண்டு. பல் வலி இல்லை. உன் கடிதம் இரண்டு மாதம் கழித்து வந்தது. தமிழ்க் கடிதங்கள் எப்போதும் தாமதம்தான். கடைசிப் பத்தியைக் கருப்பு மையால் அடித்திருக்கிறார்கள். முகாமைப் பற்றியோ சண்டையைப் பற்றியோ ஏதும் எழுதாதே. என்ன எழுதினாய்?

கலியம்மாவுக்குப் பிரசவம் ஆகியிருக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் எழுதவில்லையே. தாய்க்கும் பிள்ளைக்கும் எப்படி இருக்கிறது? உடனே எழுது.

நீ கேட்டதற்கு இங்கிருந்து பதில் எழுத முடியாது. இங்கே எனக்கு வேலை இருக்கிறது. வேலை இருப்பதால் பொழுது போகிறது.

மாமாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

ராசாங்கம்


அரியலூர்
20-5-1972

தம்பி ராசாங்கத்துக்கு,

முதலில் நல்ல சேதி. பங்குனி கடைசியில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். உடனே எழுதிப் போட்டேனே, வரவில்லையா? லீலாவதி என்று பெயர் வைத்திருக்கிறோம். மூக்கு உன்னுடையது, பிடிவாதமும் உன்னுடையது. அம்மாவும் மாமாவும் சௌக்கியம்.

இனி உன்னைத் திட்டப் போகிறேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் ஒருவர் ஸ்டேஷனில் இறங்கி, மாமாவை விசாரித்து வீட்டுக்கு வந்தார். பாலக்காட்டுக்காரர், உன்னோடு முகாமில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்தவராம். காயம்பட்டவர்களை ஏற்றிவந்த விமானத்தில் அவர்களைக் கவனிக்க அவரையும் அனுப்பினார்களாம். காப்பி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் விமானத்துல போகலாம்னு சொன்னாங்க சேச்சி. யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னு விட்டுட்டாங்க. சீட்டு எழுதிக் குலுக்கினோம். எழுதினது நான், எடுத்தது ராசாங்கம். பிரிச்சுப் பாத்தான். 'உன் பேருதான்'னு சொல்லிட்டு, சீட்டை வாயில போட்டு மென்னு முழுங்கிட்டான். எனக்கு சந்தோஷத்துல ஒண்ணும் தோணல. மிச்சம் இருந்த சீட்டை சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"விமானம் ஏறினப்புறம் எடுத்துப் பாத்தேன். அதுல இருந்தது என் பேரு."

அவர் அழுததைப் பார்த்து எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. உன்மேல்தான் வந்தது.

ஏன் என்று கேட்டேன். பெரம்பலூர்ப் பக்கத்துப் பழனிவேலைப் பற்றிச் சொன்னார். முதுகில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறாராம். விமானம் போன சமயத்தில் கடும் காய்ச்சல், பயணம் தாங்காது என்று பட்டியலில் சேர்க்கவில்லையாம். தமிழ் தவிர வேறு பேச்சு தெரியாதவராம். ரெண்டு மணிக்கொரு தரம் நீ அவரைப் புரட்டிப் போடுகிறாயாம்.

பாவம்தான், தம்பி. ஆனால் உனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். நான் உன்னைச் சட்டத்தால் கேட்கிறேன். முதல் ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்துப்படி, மருத்துவ ஆட்கள் தங்களுக்குள்ள உரிமையை எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. உன் முறையை முழுங்க உனக்கு அதிகாரம் இல்லை! வக்கீல் சாரிடம் சொன்னேன். "வாதம் ரொம்ப நல்லாருக்கும்மா. பிரதிவாதி யாரு? உன் தம்பியா?" என்று கேட்கிறார்.

கலியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லவா?

இருசம்மாள்


முகாம்
2-7-1972

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை என்று உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். முதல் கடிதம் வரவே இல்லை. லீலாவதி நல்ல பெயர். எடை எவ்வளவு என்று யாரும் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் எடை போட்டார்களா?

எனக்கு சுகத்துக்குக் குறைவில்லை.

நீ சொல்கிற ஒப்பந்தம் இங்கேயும் சுவரில் ஒட்டியிருக்கிறது, இங்கிலீஷில். நானும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இருபத்தெட்டாவதில் 'தேவை' என்று ஒரு சொல் வருகிறது. நீ அதைத் தாண்டிப் போய்விட்டாய். நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தேவை இன்னும் தீரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பட்டை கட்டியவனுக்கு உரிமை என்று நீ எண்ணுகிறாய். அவனுக்குக் கிடைப்பதெல்லாம் படுத்துக் கிடப்பவனை உத்தேசித்துக் கொடுத்தது. அவனை எடுத்துவிட்டால் என் கையில் இருப்பது வெறும் துணி.

பாலக்காட்டுக்காரர் வீட்டில் அவர் ஒரே பிள்ளை. அவரைத் திட்டாதே.

கலியம்மாவிடம் சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

ராசாங்கம்


அரியலூர்
6-8-1972

தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். குழந்தையை ஆஸ்பத்திரியில் எடை போட்டபோது ஆறே முக்கால் ராத்தல், மூன்று கிலோ சொச்சம். இப்போது குப்புற விழுகிறது.

கலியம்மாவிடம் சொல்லிவிட்டேன். சிம்லாவில் இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று பேப்பரில் வந்ததும், 'இப்ப வந்துடுவாங்கள்ல?' என்று தினமும் கேட்க ஆரம்பித்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. முன்னாடியே டெல்லிக்கு ஒரு மனு அடித்து வைத்திருந்தேன். உன்னை உடனே திருப்பி அனுப்பக் கோரி, ஷரத்து எண்களோடு, மூன்று பிரதி. மனைவி கையெழுத்து இருந்தால் பலம் என்று அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கி மெதுவாகப் படித்தாள். "அவங்க வந்துட்டா அந்தாளை யாரு பொரட்டிப் போடுவா?" என்று கேட்டாள்.

"வேற யாராவது பாப்பாங்க."

"யாராவது பாப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா அவங்க வந்திருப்பாங்க அண்ணி." கொஞ்ச நேரம் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க அவங்களுக்கு என்னா சட்டம்னே பாத்துட்டு இருக்கீங்க. அந்தப் படுத்துக் கெடக்கறவருக்குன்னு ஒண்ணும் போடலியா அந்தப் பொஸ்தகத்துல? அவரை மொதல்ல அனுப்பச் சொல்லி எழுதுங்க. அவரு கெளம்பிட்டா இவங்களுக்கு அங்க என்னா வேலை?" என்றாள்.

தம்பி, ஆறு மாசமாக அந்தப் புத்தகத்தை நான் புரட்டுகிறேன். எனக்குத் தோன்றவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்றாவது ஒப்பந்தம், நூற்றொன்பதாவது ஷரத்து. பலத்த காயம்பட்ட கைதியைப் பயணம் தாங்கும் அளவுக்குக் குணமாக்கி, சொந்த நாட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும். அடுத்த ஷரத்தில் யார் யார் என்று பட்டியலே இருக்கிறது. வக்கீல் சார் எழுந்து நின்று படித்தார். "உன் நாத்தனாரா சொன்னது?" என்றார். "தம்பி பொண்டாட்டி சார்" என்றேன்.

பாலக்காட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருந்த ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு நானும் கலியம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினோம். அங்கிருந்து துறையூர் ரோட்டில் இன்னொரு பஸ். பழனிவேலின் அம்மா ரெங்கம்மாள் வாசலில் வெங்காயத்தில் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார். முகாமில் இருக்கிற இன்னொருத்தர் வீடு என்று சொன்னதும் அரிவாளைக் கீழே வைத்தார்.

"கடுதாசி வருதாம்மா?" என்று கேட்டேன். உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து மூன்று கடிதம் கொண்டுவந்தார். 'அம்மா, நான் நலம். காயம் ஆறி வருகிறது.' மூன்றிலும் அதுதான். கலியம்மா எட்டிப் பார்த்தவள் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, இது அவங்க எழுத்து."

உன் எழுத்தேதான். நான் எப்படிச் சொல்வது என்று தடுமாறுகையில் அந்த அம்மாவே பேசினார். "எம் மவன் எட்டாவது படிச்சவன். அவன் எழுத்து எறும்பு ஊருனாப்புல இருக்கும். இது அவன் கையி இல்லன்னு மொதக் கடுதாசிலயே தெரியும். கை போயிருச்சா, கண்ணு போயிருச்சான்னு கேக்க எனக்கு ஆளு இல்ல. ஏழு மாசமா இதப் பாத்துக்கிட்டே இருக்கேன். எழுதுன புள்ள நல்லாருக்கணும்னு மட்டும் தெனம் சொல்லிக்கிறேன்."

"கை இருக்கும்மா. கண்ணும் இருக்கு" என்றாள் கலியம்மா. "படுத்தே கெடக்கணுமாம், அதான் எழுத வரல. இடுப்புக்குக் கீழதான்..." அந்த அம்மா அழுது முடிக்கிற வரைக்கும் நாங்கள் இருந்தோம். பிறகு பழனிவேலுக்காக நான் புதிதாக அடித்திருந்த மனுவின் மூன்று பிரதியிலும் கைநாட்டு வைத்தார். சாட்சியாகக் கலியம்மா கையெழுத்துப் போட்டாள். ஒன்று டெல்லிக்கு, ஒன்று ஜெனீவாவுக்கு, ஒன்று ஆபீஸ் ஃபைலில்.

அதில் உன் பெயர் எங்கும் இல்லை. கலியம்மா போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அக்கா


ஒரு ராணுவ ஆஸ்பத்திரி
9-12-1972

அன்புள்ள அக்காவுக்கு,

நம் மண்ணிலிருந்து எழுதுகிறேன். மற்றவர்களோடு சேர்த்து என்னையும் அனுப்பிவிட்டார்கள். உடம்பைச் சோதித்தார்கள், எடை குறைவு, வேறு ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லாரும் சுகம்தானே? இந்தக் கடிதத்தை இடையில் யாரும் படிக்க மாட்டார்கள். எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாக ஒன்றும் வரவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் செஞ்சிலுவைக்காரர் ஒருவர் டாக்டரோடு வந்து, பழனிவேலின் பெயரைச் சொல்லிக் கேட்டார். முதுகைப் பார்த்தார்கள், காய்ச்சல் அட்டையைப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் அவரை ஏற்றிவிட்டார்கள். உங்கள் மனுவாலா, அவர்களே நினைத்துச் செய்ததா, தெரியாது. உன் ஆகஸ்ட் கடிதம் எனக்கு வந்ததே அக்டோபரில்தான். அதற்குள் இன்னும் இருவருக்கு மஞ்சள் காமாலை. அதனால் நான் கடைசி வரை இருந்தேன்.

நேற்று வேறொரு வார்டில் பழனிவேலைப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். கால் வராது என்று அவருக்குத் தெரியும். அவர் அம்மாவும் வந்து தங்கியிருக்கிறார். படுக்கைப் புண் வராமல் புரட்டுவது எப்படி என்று அந்த அம்மா எனக்கே சொல்லிக் கொடுத்தார். "இப்படியில்ல தம்பி, மொதல்ல தோளப் புடி" என்று. அவர் சொன்னதுதான் சரி.

விட்டுவிட்டுப் போனார்களா, நீயாக நின்றாயா என்று கேட்டாயே. எட்டு மாசம் யோசித்தேன். அன்று மத்தியானம் பதினொரு பேர் காயத்தோடு கிடந்தார்கள். இருந்தது ஒரே வண்டி. ஏழு பேரை ஏற்றினோம். மிச்சம் நான்கு பேரோடு ஒருவன் இருக்க வேண்டும் என்றார் கேப்டன். யாரும் கை தூக்கவில்லை, நானும்தான். பழனிவேல் என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். நான்காவது விரலை எடுக்கும்போது ஏனோ நிறுத்திவிட்டேன். கேப்டன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வண்டி போய்விட்டது. இதை நின்றது என்பதா, விடுபட்டது என்பதா? உன் புத்தகத்தில் இருந்தால் சொல்.

பிறகு எதிர்ப்பக்கத்தார் வந்தபோது பட்டை கட்டிய கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பட்டை முழுக்கச் சேறும் ரத்தமும், சிலுவை தெரிந்திருக்குமா என்றே சந்தேகம். அவர்களில் ஒரு டாக்டர் முன்னால் வந்தார். அவர் கையில் சிவப்புப் பிறை. என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மார்ஃபியா ஊசி எத்தனை மணிக்குப் போட்டாய்?" சொன்னேன். குறித்துக்கொண்டார். அப்போதுதான் நீட்டிய கையை இறக்கினேன். அந்த நான்கு பேரில் மூவர் பிழைத்தார்கள்.

இதையெல்லாம் கலியம்மாவுக்கு நீயே பக்குவமாக எடுத்துச் சொல். அந்தக் குலுக்குச் சீட்டு விஷயத்தில் அவள் மனசு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதக் கை வரவில்லை. இருபத்திரண்டாம் தேதி காலை ரயிலில் அரியலூர் வருகிறேன்.

ராசாங்கம்


விக்கிரமங்கலம்
14-12-1972

என்னங்க,

நானும் பாப்பாவும் அத்தையும் நல்லாருக்கோம். நீங்க எளச்சிட்டீங்கன்னு எழுதியிருக்கீங்க. வந்தா தேத்திக்கலாம்.

அண்ணி கடுதாசியோட வந்தாங்க. பக்குவமா சொல்லச் சொல்லியிருந்தீங்களாம். பக்குவமெல்லாம் வேணாம்னு நானே வாங்கிப் படிச்சிட்டேன். ரெண்டு தரம் படிச்சேன்.

எம் மனசு எப்படி இருக்குன்னு கேட்டிருக்கீங்க. அந்தச் சீட்டு விசயம் தெரிஞ்ச அன்னிக்கு பாப்பாவுக்குப் பால் குடுக்கறப்ப கூட கோவமாத்தான் இருந்துச்சு. பெரம்பலூரு போயி அந்தம்மாவைப் பாத்தப்புறம் நீங்க அங்க இருந்ததுக்குக் கோவமில்ல. நான் அங்க இருந்திருந்தாலும் அந்த வெரலை எடுத்திருக்க மாட்டேன்.

ஆனா எங்கிட்ட மறைக்கச் சொல்லி அண்ணிக்கு எழுதுனீங்க பாருங்க, அது இன்னும் ஆறல. 'எனக்கு ஒண்ணுமில்ல'ன்னு நானும் உங்களுக்கு எழுதிட்டுத்தான் இருந்தேன். மூணாவது மாசத்துல ரெண்டு தரம் மயக்கம் போட்டு விழுந்தத எழுதல. அதனால உங்கள மட்டும் சொல்ல மாட்டேன். இனிமே ரெண்டு பேருமே அப்படி எழுத வேணாம். மறுபடியும் எங்கியாச்சும் இருந்துதான் ஆவணும்னு வந்தா, எங்கிட்ட சொல்லிட்டு இருங்க. நான் வேணாம்னு சொல்லலாம், சண்டை போடலாம், அதுக்கப்புறம் சரின்னும் சொல்லுவேன். அதையும் நீங்களே தீர்மானம் பண்ணிடாதீங்க.

இருபத்திரண்டாம் தேதி காலையில ஸ்டேசனுக்கு நானே வரேன். அத்தை ஊரைக் கூட்டிக்கிட்டு வரேன்னாங்க, வேணாம்னுட்டேன். பாப்பாவை உங்களுக்கு அடையாளம் தெரியாது. என்னையப் பாத்து எறங்குங்க.

கலியம்மாள்